பருத்தி நூல்

உங்கள் நாற்காலி உறையில் இடது பக்கத் தையல் விட்டுக்கொண்டு வருகிறது, மேடம். துணி நல்ல துணிதான். நூல்தான் மட்டம். துணியைத் தடவித் தடவிப் பார்த்து வாங்குகிறவர்கள் நூல் என்ன என்று கேட்பதே இல்லை. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இருபத்தெட்டு வருடமாகக் கார் சீட்டு தைக்கிறவளுக்கு எந்த அறைக்குள் நுழைந்தாலும் கண் முதலில் அங்கேதான் போகும்.

நானாகத்தான் வந்தேன் என்பதை எழுதிக்கொண்டீர்கள் அல்லவா? நல்லது. யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. இரண்டு வாரமாக எங்கள் வீட்டுக்கு வந்து போகிறவர்கள் எல்லோரும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். கிளப் செயலாளர் தன் கழுத்தில் தொங்கும் இரண்டு ஸ்டாப் வாட்சையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வந்து, முற்றத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அவரைக் கிளப்பில் கடிகாரம் என்றுதான் கூப்பிடுவோம். அந்த வாட்ச் இல்லாமல் அவரைப் பார்த்தபோது சட்டை போடாத மனிதரைப் பார்ப்பது போல எனக்குக் கூச்சமாக இருந்தது.

கிளப்பைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது விளங்கும். பழைய கார் கிளப் என்றால், துணியால் துடைத்துத் துடைத்துப் பளபளவென்று வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை உருட்டிக்கொண்டு போவார்களே, அது இல்லை. எங்கள் விதி வேறு. காரின் உடம்புக்கு நாற்பது வயதாவது ஆகியிருக்க வேண்டும். உள்ளே என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். குடும்பத்தோடு உட்கார்ந்து போவதற்கென்று செய்த நாலு கதவு சலூனில் பின் சீட்டைப் பிடுங்கிப் போட்டிருப்பார்கள். பழையதைவிட இரண்டு மடங்கு பெரிய இன்ஜினை இறக்கியிருப்பார்கள். சக்கரம் அகலமாகிவிட்டதால் மட்கார்டு கன்னம் உப்பிய குழந்தை மாதிரி வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். ஜன்னலில் கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் தகடு. உள்ளே ஓட்டுகிறவரைச் சுற்றி இரும்புக் குழாயில் கூண்டு. “பார்க்கத் தாத்தா, பாய்ச்சல்ல பேரன்” என்று என் அண்ணன் சொல்வான்.

அண்ணன்தான் அந்தக் கிளப்பின் உயிர். எனக்கு ஆறு வயது மூத்தவன். என்னை ‘நூலு’ என்பான். எங்கள் அப்பாவுக்கு சீட்டு தைக்கும் கடை. அண்ணனுக்குத் தையல் பிடிக்காது, கார்தான். என் கணவர் அப்போது அவனுடைய சிநேகிதர், அவன் காருக்கு மெக்கானிக். இருவரும் சேர்ந்து ஒரு குப்பைக் கிடங்கிலிருந்து கத்தரிப்பூ நிற சலூன் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்து, மூன்று வருடம் பாடுபட்டு அதை ஓட வைத்தார்கள். அந்த மூன்று வருடமும் எங்கள் வீட்டுச் சோற்றில் கிரீஸ் வாசனைதான். அம்மா திட்டிக்கொண்டே பரிமாறுவாள். “மாப்ளே, இன்னிக்கு அம்மா திட்டுறதுல உப்பு கம்மி” என்று அண்ணன் இவரிடம் சொல்வான். இவர் தட்டைப் பார்த்துச் சிரிப்பார். பேச மாட்டார். எப்போதுமே பேச்சு குறைவு அவருக்கு.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பந்தயத்தில், கடைசிச் சுற்றில், அண்ணனின் கார் பாதையை விட்டு விலகி ஒரு சுவரில் மோதியது. அவன் உடம்பு ஸ்டியரிங்கில் அடித்து, அதே இடத்தில் உயிர் போய்விட்டது. எனக்கு அப்போது இருபது வயது.

முதலில் ஓடிப் போனவர் என் கணவர். மற்றவர்கள் போய்ச் சேர்வதற்குள் அவர் அண்ணனை வெளியே இழுத்துப் புல்லில் கிடத்தியிருந்தார். அவர் சொன்னது ஒரே வாக்கியம். “பெல்ட் போடல.” அதையே கிளப்பில் சொன்னார், போலீஸில் சொன்னார், எங்கள் வீட்டு வாசலில் நின்று அம்மாவிடம் சொன்னார். அந்தக் காலத்தில் விசாரணை என்றால் நாலு பேர் காரைச் சுற்றி நின்று தலையை ஆட்டுவதுதான். கிளப்பை மூடிவிட்டார்கள். பெல்ட் போடாமல் ஓட்டியவனால் எல்லோருடைய விளையாட்டும் போனது என்று பேச்சு.

அதை அம்மா எப்படி எடுத்துக்கொண்டாள் என்று சொல்ல வேண்டும். பிள்ளை செத்தால் தாய் அழுவாள். என் அம்மா கோபப்பட்டாள். சுவரில் மாட்டியிருந்த அவன் படத்தைக் கழற்றி அலமாரிக்குள் கவிழ்த்து வைத்தாள். “ஒரு கொக்கிய மாட்ட அவனுக்கு நேரமில்ல. என்னை நெனைக்க நேரமில்ல” என்றாள். பதினைந்து வருடம் அதையே சொன்னாள். யாராவது அவனைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல வந்தால், “பெல்ட்டு போட்டானா?” என்று கேட்டு வாயை அடைப்பாள். சாகும்போதும் அவனை மன்னிக்கவில்லை. நானும்தான் மன்னிக்கவில்லை, மேடம். அவன் முகம் நினைவுக்கு வந்தால் கண்ணீருக்கு முன்னால் எரிச்சல்தான் வரும்.

விபத்துக்கு மறு வருடம் எனக்கும் இவருக்கும் கல்யாணம். வீட்டில் ஓர் ஆண் பிள்ளை செய்ய வேண்டியதையெல்லாம் அந்த ஒரு வருடத்தில் இவரே வந்து செய்திருந்தார். கடையைத் திறப்பார், சரக்கு இறக்குவார், அப்பாவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போவார். அம்மா படுக்கையில் விழுந்த கடைசி நாலு மாதமும் தூக்கி உட்கார வைத்ததும் வாயில் ஊட்டியதும் இவர் கைதான். எங்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. இப்படி ஒரு மனிதரா என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில் கடிகாரம் கடைக்கு வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது, கழுத்தில் வாட்ச் மட்டும் அதேதான். பயன்படாமல் கிடக்கும் ஒரு விமான ஓடுதளத்தை வாடகைக்குப் பேசியிருப்பதாகச் சொன்னார். “திரும்ப ஆரம்பிக்கலாம்ப்பா. நாம செத்துட்டா இதுக்கு ஆளே இல்ல” என்றார். இவர் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் சரி என்றேன். எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. நாற்பது வயதை ஒட்டிப் புதிதாக ஒன்று தொடங்குவது எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

முதல் மாதம் நாங்கள் செய்ததெல்லாம் புல் பிடுங்கியதுதான். ஓடுதளத்தின் விரிசல்களில் இடுப்பளவு புல். பல் டாக்டர் ஒருவர், ஐஸ் ஃபாக்டரி முதலாளி ஒருவர், ஒரு கணக்கு வாத்தியார், எல்லோரும் குந்தி உட்கார்ந்து பிடுங்கினோம். பல் டாக்டரைக் கேலி செய்யக் கேட்கவா வேண்டும்? “வேரோட வரணும் டாக்டர், பாதி உள்ள விட்டுடாதீங்க.” முதல் ஓட்டத்துக்குப் பதினோரு கார் வந்தது. டாக்டரின் சிவப்பு இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார், வாத்தியாரின் சலூன், இன்னும் சில. ஆறு மாதத்தில் இருபத்தாறு. ஒரு சீசனுக்கு ஆறு பந்தயம் என்று வைத்தார்கள்.

சீட்டும் பெல்ட்டும் என் பொறுப்பு. அந்தப் பழைய சாவை யாரும் மறக்கவில்லை, அதனால் பெல்ட் விஷயத்தில் கடிகாரம் கண்டிப்பு. ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன்னால் எல்லாக் காரின் தோள் நாடாவும் என் கடைக்கு வர வேண்டும். நான் பார்த்து, தேவையானதைத் தைத்து, என் முத்திரையைக் குத்தி அனுப்ப வேண்டும். அதற்கப்புறம் களத்தில் டார்ச் என்று ஒருவர், கையில் எப்போதும் டார்ச் லைட்டோடு திரிவார், அவர் ஒவ்வொரு பெல்ட்டையும் பிடித்து ஒரு இழு இழுத்துப் பார்ப்பார். அவ்வளவுதான் சோதனை.

பெல்ட்டைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். கீழே காரின் தரையில் மாட்டும் இடத்தில் நாடாவை ஒரு வளையத்துக்குள் விட்டு மடித்துத் தைத்திருக்கும். ஓட்டுகிறவரின் முழு உயிரும் அந்த மடிப்பில் நாலு விரல் அகலத்துக்குப் போட்ட தையலில்தான் இருக்கிறது. அதற்கு நைலான் நூல்தான் போட வேண்டும். பருத்தி நூல் சீட்டு உறைக்குச் சரி. கையால் இழுத்தால் பருத்தியும் தாங்கும். திடீரென்று ஒரு அடி விழுந்தால் தாங்காது.

இரண்டாவது சீசன் தொடங்கும் முன் நடந்த பயிற்சியில் பல் டாக்டர் காரைக் கொண்டுபோய்த் தடுப்பில் மோதினார். நல்ல வேகம். தோளில் ஒரு கோடு சிவந்ததோடு சரி, மறுநாள் கிளினிக்கைத் திறந்துவிட்டார். மோதிய காரின் பெல்ட்டைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது என்பதால் அதைக் கழற்றி என்னிடம் கொடுத்தார்கள். அப்போதுதான் முதல் முறையாக ஒன்றைப் பார்த்தேன். இரும்புக் கொக்கி வழியாக நாடா போகும் இடத்தில், இரண்டு விரல் நீளத்துக்கு, நாடா உருகினாற்போல் பளபளவென்று இருந்தது. உடம்பின் மொத்த பாரமும் ஒரு நொடியில் இழுக்கும்போது நாடா இரும்பில் உரசிச் சூடாகிவிடும். ஆள் பெல்ட் போட்டிருந்தால்தான் அந்தப் பளபளப்பு வரும். போடாத பெல்ட்டில் வராது. நல்ல விஷயம் ஒன்று கற்றுக்கொண்டோம் என்று மனதில் வைத்துக்கொண்டேன்.

அந்த மாதம்தான் இவர் அண்ணனின் காரை வெளியே எடுத்தார். இருபத்தோரு வருடம் எங்கள் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த கார். அதைச் சரிசெய்து ஓட்டப் போகிறேன் என்றார். “அவன் பாதியில விட்டதை நான் ஓட்டி முடிக்கறேன் நூலு” என்றார். நான் அழுதேன். அழுதேன் என்றால், நல்ல விதமாகத்தான். சீட்டு மட்டும் புதிதாகச் செய்துவிடு, பழையதைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று இரண்டு தடவை சொன்னார். நான் பழைய சீட்டைப் பிரித்தது அளவு எடுப்பதற்காக. அண்ணனுக்கென்று அப்பா வெட்டிய அளவு, அது இருந்தால் எனக்கு வேலை சுலபம்.

சீட்டின் அடிப்பக்கம் உறை ஒரு சாண் நீளத்துக்குக் கையால் தைக்கப்பட்டிருந்தது. கோணல் மாணலாக, ஊசி பிடிக்கத் தெரியாத ஆளின் தையல். என் கணவரின் சட்டைப் பொத்தானை அவரே தைத்துக்கொண்டால் அப்படித்தான் இருக்கும். பிரித்தேன். பஞ்சுக்கு நடுவில் பள்ளம் தோண்டி, ஒரு தோள் நாடாவைச் சுருட்டி வைத்திருந்தது.

கொக்கிப் பக்கம் இரண்டு விரல் நீளத்துக்குப் பளபளப்பு.

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மறு முனையைப் பார்த்தேன். வளையம் இல்லை. மடிப்புத் தையல் முழுக்கப் பிய்ந்திருந்தது. நூல் முனைகள் முடி மாதிரி பிரிந்து நின்றன. நைலான் அப்படிப் பிரியாது. பருத்தி நூல்.

ஆக, அண்ணன் பெல்ட் போட்டிருந்தான். இறுக்கமாகப் போட்டிருந்தான். எவனோ ஒரு கற்றுக்குட்டி சீட்டு தைக்கும் நூலால் தைத்துக் கொடுத்த பெல்ட், அவனைப் பிடிக்க வேண்டிய நேரத்தில் விட்டுவிட்டது. வண்டிக்குப் பொறுப்பு மெக்கானிக். அந்த மெக்கானிக் முதலில் ஓடிப்போய், பிய்ந்த பெல்ட்டைக் கழற்றி மறைத்துவிட்டு, செத்தவன் மேல் பழியைப் போட்டுவிட்டு, செத்தவனின் வீட்டிலேயே மாப்பிள்ளையாக வந்து சோறு தின்றிருக்கிறார். என் அம்மாவுக்கு ஊட்டிய கை அது. அம்மா ஒவ்வொரு முறை “பெல்ட்டு போட்டானா?” என்று கேட்டபோதும் அந்தக் கை பக்கத்தில்தான் இருந்தது. நிற்காமல் ஸ்பூனைத் தூக்கியது.

அவரிடம் கேட்டேன். கேட்காமல் செய்தேன் என்று யாரும் சொல்லக் கூடாது. மத்தியானம், கொட்டகையில், அவர் காருக்கு அடியிலிருந்து வெளியே வந்த நேரம்.

“அண்ணன் பெல்ட்டு போட்டிருந்தானா?”

அவர் என் கையில் இருந்ததைப் பார்த்தார். அடுக்கியிருந்த டயர் மேல் மெதுவாக உட்கார்ந்தார்.

“அந்த சீட்டைத் தூக்கிப் போடச் சொன்னேனே” என்றார்.

“போட்டிருந்தானா?”

“போட்டிருந்தான்.”

“அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீங்க?”

அவர் கையில் ஒட்டியிருந்த கிரீஸை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். “யார் மேலயாவது பழி விழத்தான் போவுது. அது போனவன் மேலயே விழட்டும்னு நெனச்சேன். இருக்கறவங்க இருக்கணும் இல்லியா” என்றார்.

“அம்மா போற வரைக்கும் அவனைத் திட்டிட்டே போனா.”

“தெரியும். பக்கத்துலதானே இருந்தேன்.” என் கையில் இருந்ததைக் காட்டி, “அதை எரிச்சிடு நூலு. வேற எதுவும் கேக்காத. உன்னால தாங்க முடியாது” என்றார்.

இருக்கறவங்க இருக்கணும். அதாவது அவர் இருக்க வேண்டும். அதைச் சொல்லும்போது குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை. மன்னிப்புக் கேட்கவில்லை. நான் பெல்ட்டைக் கடைக்குக் கொண்டுபோய் மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். இரவு வழக்கம் போலச் சாப்பிட்டோம். அவர் என் தட்டைப் பார்த்துவிட்டு இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.

சண்டை போட்டிருக்கலாம். பிரிந்து போயிருக்கலாம். கடிகாரத்திடம் சொல்லி ஊரறிய அவமானப்படுத்தியிருக்கலாம். எல்லாவற்றையும் யோசித்துப் பார்த்தேன். அது எதுவும் அளவில் சேரவில்லை. அண்ணனுக்கு நடந்ததன் அளவு எனக்குத் தெரியும். அவர் கவனக்குறைவாகச் செய்ததை நான் கவனமாகச் செய்வது என்று முடிவு செய்தேன்.

புது சீட்டு தைத்தேன். நன்றாகத் தைத்தேன், நீங்கள் போய்ப் பார்க்கலாம், அதில் ஒரு குறையும் இருக்காது. தோள் நாடா இரண்டுக்கும் புது நாடாவே வாங்கினேன். கீழே மடிப்புத் தையலுக்கு மட்டும் கறுப்புப் பருத்தி நூலில் மெழுகு தடவிப் போட்டேன். மெழுகு தடவினால் பார்வைக்கு நைலான் மாதிரியே மினுங்கும். முத்திரை குத்தினேன். அவருக்கு என் கையாலேயே மாட்டிவிட்டேன். டார்ச் வந்து இழுத்துப் பார்த்தார். “இதை எதுக்கு நான் பார்க்கணும், சொந்தப் பொண்டாட்டி தெச்சதாச்சே” என்று சிரித்தார். என் கணவர் தையலின் மேல் கட்டை விரலை வைத்து ஒரு தடவு தடவினார். “நூலு தெச்சா போதும்” என்றார்.

இங்கே ஒன்றை நீங்கள் சரியாக எழுதிக்கொள்ள வேண்டும். பெல்ட் யாரையும் கொல்வதில்லை. கார் மோத வேண்டும். மோதாமல் ஓட்டினால் அவர் எண்பது வயது வரை ஓட்டியிருக்கலாம். அவர் மேல் தப்பு இல்லையென்றால் கார் மோதாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நியாயமான ஏற்பாடாகத்தான் பட்டது.

முதல் பந்தயத்தில் ஒன்பதாவது வந்தார். இரண்டாவதில் மூன்றாவது. ஒவ்வொரு பந்தயத்துக்கு முன்னாலும் பெல்ட் என் மேஜைக்கு வந்தது. பருத்தி நூல் சீக்கிரம் நைந்துவிடும், டார்ச் இழுக்கும்போதே விட்டுவிட்டால் வம்பு. அதனால் ஒவ்வொரு தடவையும் பழைய நூலைப் பிரித்துவிட்டு, புதுப் பருத்தி நூலால் திரும்பத் தைத்தேன். நைலான் நூல்கண்டு அதே மேஜையில், கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஐந்து தடவை, மேடம். ஐந்து தடவையும் யோசித்துத்தான் தைத்தேன். கோபத்தில் செய்துவிட்டாள் என்று உங்கள் ஆட்கள் எழுதிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

மூன்றாவதில் ஜெயித்தார். அண்ணனின் காரை ஜெயிக்க வைத்துவிட்டார் என்று கிளப்பே அவரைத் தோளில் தூக்கியது. நானும் கைதட்டினேன். திரும்பி வரும் வழியில், “அவன் இருந்திருந்தா இன்னும் ரெண்டு செகண்ட் கம்மியா முடிச்சிருப்பான்” என்றார். அவன் இல்லாததற்கு யார் காரணம் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. எதுவும் கேட்காதே என்று அவர்தானே சொன்னார்.

ஐந்தாவது பந்தயம் காலை பதினொன்றரைக்கு. எட்டாவது சுற்றில் முன் சக்கரம் வெடித்தது. கார் வளைவில் திரும்பாமல் நேரே போய் மழைத்தண்ணீர்க் கால்வாயின் சிமெண்ட் கரையில் மோதியது. டாக்டர் மோதியதைவிட வேகம் குறைவுதான். கடிகாரம் வாட்சை நிறுத்தாமலே ஓடினார். நான் இருந்த இடத்திலிருந்து எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

அதோடு விட்டிருக்கலாமே, ஏன் வந்தாய் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். போன வாரம் வாத்தியார் வந்து உட்கார்ந்து துக்கம் விசாரித்தார். எழுந்து போகும்போது, “என்னம்மா செய்யறது, பெல்ட்டைச் சரியா மாட்டலபோல” என்றார். கிளப்பில் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்களாம். கார் நசுங்கிய நசுங்கலில் யாரும் தையலை உற்றுப் பார்க்கவில்லை.

எனக்கு அது பொறுக்கவில்லை. அவர் சரியாகத்தான் மாட்டியிருந்தார். நான்தான் இறுக்கிவிட்டேன். செத்துப்போன மனிதர் மேல் அந்தப் பழி விழக் கூடாது. எங்கள் வீட்டில் அது ஏற்கெனவே ஒரு தடவை நடந்தாயிற்று. அவர் என் அண்ணனுக்குச் செய்ததை நான் அவருக்குச் செய்ய மாட்டேன். எனக்கும் அவருக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

அந்தப் பழைய பெல்ட்டையும் எடுத்துவந்துவிட்டீர்களா? இழுப்பறைச் சாவியை நான்தானே கொடுத்தேன், சரி. மேஜையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டாம். ஒன்று அண்ணனுடையது.

உங்கள் நிபுணர் சொன்னதாகச் சொல்கிறீர்களே, நூல் பிய்ந்தாலும் ஊசி போன துளை தெரிகிறது, ஒவ்வொரு வரியும் முடிகிற இடத்தில் மூன்று தையல் பின்னால் வந்து சாய்வாகக் குறுக்கே போகிறது, இரண்டு பெல்ட்டிலும் அப்படியே இருக்கிறது, இரண்டும் ஒரே கை என்று. அது பெரிய அதிசயம் இல்லை. எங்கள் அப்பா கடையில் வேலை கற்ற எல்லோரும் அப்படித்தான் முடிப்போம். எல்லோரும் என்றால், அப்பாவும் நானும்.

அண்ணன் செத்த அந்த மாதமா? அந்த மாதம் அப்பா மாடிப்படியில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டு மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தார். மெஷினில் நான்தான் இருந்தேன். அண்ணன் ஒரு பெல்ட்டைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, வாசலில் நின்றுகொண்டு, “நூலு, சீக்கிரம், மாப்ளே வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டான்” என்று அவசரப்படுத்தியது நினைவிருக்கிறது. நைலான் நூல் தீர்ந்துபோயிருந்தது. கறுப்பு நூல் இருந்தது. அது வேறு பெல்ட்டாக இருக்கும். எத்தனையோ பெல்ட் தைத்திருக்கிறேன்.

“உங்க வீட்டுக்காரருக்கு இது தெரியுமா?” என்று கேட்கிறீர்கள். தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டாரா, மேடம்? இருபத்தோரு வருடம் ஒரே வீட்டில் இருந்தவர். ஒருநாள்கூடவா வாய்தவறி வந்திருக்காது? வேறு யாரோ என் அப்பாவின் தையலைப் பார்த்துப் போட்டிருக்கிறார்கள். இல்லையென்றால் அவரே மெஷினில் உட்கார்ந்து தைத்திருப்பார். மிதிக்கத் தெரியாது என்பார், நம்ப முடியாது.

கையெழுத்து போடத் தயார். எழுதிக்கொள்ளுங்கள். என் கணவரைக் கொன்றது நான். என் அண்ணனைக் கொன்றது என் கணவர். அந்த இரண்டாவது வரியை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.